அப்பாவின் கொம்பியூட்டரில் எதை நிப்பாட்டலாம், எதைத் தொடக்கூடாது?

இந்தக் கிழமை எபிசோடில ஸ்டார்ட்அப் புரோகிராம்கள் பற்றிக் கதைத்தோம். பஸ்சில இருந்தும் காரில இருந்தும் கேட்கிற ஆக்களுக்கு எந்த மெனு, எந்த பட்டன் என்பது மனசில நிக்காது. அதனால படிப்படியாக இங்கே எழுதுகிறேன். கொம்பியூட்டருக்கு முன்னால இருந்து வாசியுங்கோ.

ஸ்காபரோவிலயோ மார்க்கத்திலயோ, எங்கட ஆக்களின் வீடுகளில் பொதுவாக ஒரு கொம்பியூட்டர் இருக்கும். அப்பா அதில தமிழில் கடிதம் அடிப்பார், செய்தி வாசிப்பார். அம்மா வங்கிக் கணக்குப் பார்ப்பா. அது மெதுவாகத் தொடங்கினால் கூப்பிடுறது எங்களைத்தான். "பழசாப் போச்சு, புதுசு வாங்குவம்" என்று காசைச் செலவழிக்க முதல் பத்து நிமிசம் இந்த வேலையைச் செய்து பார்க்கலாம்.

என்ன நடக்குது?

நீங்கள் பாஸ்வேர்ட் போட்டு உள்ளே போனதும், விண்டோஸ் சில இடங்களைப் போய்ப் பார்க்கும். ஸ்டார்ட்அப் என்ற ஃபோல்டர், ரெஜிஸ்ட்ரியில் இருக்கிற 'ரன்' என்ற பட்டியல், டாஸ்க் ஷெட்யூலர். அங்கே பெயர் எழுதியிருக்கிற புரோகிராம்கள் எல்லாம் தாங்களாகவே எழும்பும். நாங்கள் ஒன்றை இன்ஸ்டால் செய்யும்போதே பல புரோகிராம்கள் கேட்காமல் தங்கட பெயரை அங்கே எழுதிவிடும்.

காலமை ஏழு மணிக்கு வீட்டில ஏழு பேரும் எழும்பி, ஒரே ஒரு குளியலறை என்றால் எப்படி இருக்கும்? அதேதான். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் வாசிக்கிற முனை ஒவ்வொரு ஃபைலுக்கும் இங்கேயும் அங்கேயும் ஓட வேண்டும். பத்துப் புரோகிராம் ஒரே நேரத்தில் கேட்டால் எல்லாருக்கும் தாமதம். எஸ்எஸ்டி இருந்தால் இந்த நெரிசல் மிகக் குறைவு.

பட்டியலைப் பார்ப்பது எப்படி?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமத்துங்கோ. டாஸ்க் மேனேஜர் திறக்கும். விண்டோஸ் 11 என்றால் இடது பக்கத்தில் 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்'. விண்டோஸ் 10 என்றால் மேலே 'ஸ்டார்ட்அப்' என்ற டாப். சின்ன ஜன்னல் மட்டும் வந்தால் 'மோர் டீட்டெய்ல்ஸ்' அமத்துங்கோ.

'ஸ்டார்ட்அப் இம்பாக்ட்' என்ற வரிசையைக் கவனியுங்கோ. 'ஹை' என்றால் அந்தப் புரோகிராம் தொடங்கும்போது 1 செக்கனுக்கு மேல் சிபியு நேரம், அல்லது 3 எம்பிக்கு மேல் டிஸ்க் வேலை எடுத்திருக்கு என்று அர்த்தம். 'லோ' என்றால் 300 மில்லி செக்கனுக்கும் 300 கேபிக்கும் குறைவு. அதாவது 'லோ' என்று இருக்கிற பத்தை நிப்பாட்டினாலும் பெரிசாக வித்தியாசம் தெரியாது. 'ஹை' இருக்கிறதில இருந்து தொடங்குங்கோ.

மூலையில் 'லாஸ்ட் பயோஸ் டைம்' என்று ஒரு எண் இருக்கலாம். அது விண்டோஸ் தொடங்கவே முதல் போன நேரம். அதுவே இருபது, முப்பது செக்கன் என்றால் அந்தத் தாமதத்துக்கு இந்தப் பட்டியல் காரணம் இல்லை.

எதையும் மாத்த முதல் ஃபோனில ஒரு படம் எடுத்து வையுங்கோ. ரைட் கிளிக் செய்து 'டிசேபிள்' கொடுத்தால் எதுவும் அழியாது. தானாக எழும்புறது மட்டும் நிக்கும். 'எனேபிள்' கொடுத்தால் பழையபடி வரும்.

யோசிக்காமல் நிப்பாட்டக்கூடியவை

ஸ்பாட்டிஃபை, ஸ்டீம், டிஸ்கோர்ட், ஸூம், டீம்ஸ் மாதிரியானவை. தேவைப்படும்போது ஐகானை அமத்தினால் திறக்கும். காலமையே எழும்பிக் காத்திருக்கத் தேவையில்லை. பிரிண்டரோடு வந்த உதவிப் புரோகிராம்களும் பெரும்பாலும் அப்படித்தான். நிப்பாட்டிய பிறகு ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்துப் பாருங்கோ.

கேட்டு நிப்பாட்ட வேண்டியவை

ஒன்டிரைவ் மாதிரி ஃபைல்களை இணையத்தில் பிரதி எடுத்து வைக்கிற ஆப்கள். அதை நிப்பாட்டினால், யாராவது கையால் திறக்கிற வரைக்கும் புதுப் படங்களும் ஆவணங்களும் மேலே போகாது. பிறகு டிஸ்க் பழுதானால் அம்மா ஸ்கான் செய்து வைத்த பாஸ்போர்ட், காணி உறுதி எல்லாம் போய்விடும். சவுண்ட், டச்பேட் சம்பந்தப்பட்டவற்றை விட்டுவிடுங்கோ. 'விண்டோஸ் செக்யூரிட்டி நோட்டிஃபிகேஷன் ஐகான்' என்று இருப்பதை நிப்பாட்டினாலும் பாதுகாப்பு பின்னால ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதனால ஒரு லாபமும் இல்லை, அப்படியே இருக்கட்டும்.

எங்கட வீடுகளுக்கே உரிய ஒன்று: தமிழ் கீபோர்ட்

இதை ஆங்கிலத்தில் வருகிற எந்த யூடியூப் வீடியோவும் உங்களுக்குச் சொல்லித் தராது.

பட்டியலில் இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர், அழகி, முரசு அஞ்சல் என்று ஏதாவது பெயர் இருக்கா என்று பாருங்கோ. இவை பின்னால ஓடிக்கொண்டு, அப்பா அடிக்கிற ஒவ்வொரு எழுத்தையும் பிடித்து யூனிகோட் தமிழாக மாத்துகின்றன. ஓடாவிட்டால் தமிழ் வராது. "இது என்ன தெரியாத பெயர்" என்று நீங்கள் நிப்பாட்டினால், அடுத்த நாள் அவர் வழக்கமான ஷார்ட்கட்டை அமத்துவார், ஆங்கில எழுத்துத்தான் வரும். தான் ஏதோ பழுதாக்கிவிட்டதாக நினைத்து உங்களிட்டச் சொல்லாமலே விட்டுவிடவும் கூடும். சில செக்கன் வேகத்துக்காக ஒருவர் தன்ர மொழியில் எழுதுவதை நிப்பாட்டக் கூடாது.

பாமினி வேறு விசயம். அது ஒரு ஃபொன்ட், புரோகிராம் இல்லை. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தைக் காட்டும், அவ்வளவுதான். அது ஸ்டார்ட்அப் பட்டியலில் வராது, கொம்பியூட்டரை மெதுவாக்கவும் செய்யாது. ஆனால் 'சுத்தம் செய்யிறன்' என்று ஃபொன்ட் ஃபோல்டரில் இருந்து அதை அழித்தால், அப்பாவின் பழைய கடிதங்கள் எல்லாம் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தாகத் தெரியும்.

தனிப் புரோகிராமே வேண்டாம் என்றால் ஒரு வழி இருக்கு. செட்டிங்ஸ், பிறகு 'டைம் அண்ட் லாங்குவேஜ்', அங்கே தமிழைச் சேர்த்தால் விண்டோசின் சொந்தத் தமிழ் கீபோர்ட்கள் வரும். 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் இருந்து வந்த தமிழ் 99 அதில் இருக்கு. ஆங்கில ஒலிப்படி அடிக்கிற ஃபொனெட்டிக் கீபோர்டும் இருக்கு. விண்டோஸ் பட்டனும் ஸ்பேஸ் பாரும் சேர்த்து அமத்தினால் மொழி மாறும். ஆனால் பாமினி முறையில் பழகின விரல்களுக்கு அந்த அமைப்பு இதில் இல்லை. இருபது வருசம் பழகின கையை மாத்தச் சொல்லாமல் அவர்களின் புரோகிராமை விட்டுவிடுங்கோ.

கவனமாகப் பார்க்க வேண்டிய ஒன்று

எனிடெஸ்க், டீம்வியூவர் மாதிரி, தூரத்தில் இருந்து கொம்பியூட்டரை இயக்குகிற புரோகிராம் இருக்கா? அவை நல்ல புரோகிராம்கள்தான். உங்கட அண்ணாவோ மாமாவோ உதவிக்குப் போட்டிருக்கலாம். பட்டியலில் வராமலும் பின்னால ஓடலாம். அதனால 'இன்ஸ்டால்ட் ஆப்ஸ்' பக்கத்தையும் பாருங்கோ. யார் போட்டது என்று வீட்டில ஒருவருக்கும் தெரியாவிட்டால், அல்லது "ஃபோனில ஒருத்தர் கொம்பியூட்டர் கொம்பனி எண்டு சொல்லிப் போடச் சொன்னவர்" என்று அம்மா சொன்னால், அது மோசடியாக இருக்கக்கூடும்.

முதலில் இணையத்தைத் துண்டியுங்கோ. பிறகு அந்தப் புரோகிராமை அகற்றுங்கோ. வேறொரு கருவியில் இருந்து பாஸ்வேர்ட்களை மாத்துங்கோ. வங்கி அட்டையின் பின்பக்கம் இருக்கிற நம்பருக்கு எடுத்துச் சொல்லுங்கோ. கனடிய மோசடித் தடுப்பு மையத்துக்கும் அறிவிக்கலாம்: 1-888-495-8501. முக்கியமாக, அம்மாவை ஏசாதேங்கோ. ஏசினால் அடுத்த முறை மறைப்பா.

சரி வந்ததா என்று பார்ப்பது

'ஷட் டவுன்' கொடுத்துத் திரும்பப் போடாமல் 'ரீஸ்டார்ட்' கொடுங்கோ. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இயங்கினால், ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் தன் ஒரு பகுதியை டிஸ்க்கில் சேமித்து வைத்துத்தான் நிற்கும். ரீஸ்டார்ட்தான் உண்மையிலேயே புதிதாகத் தொடங்கும். மாத்த முதல் ஒருக்கா, மாத்தின பிறகு ஒருக்கா ஃபோனில நேரம் பிடியுங்கோ. இரண்டு மூன்றாக நிப்பாட்டுங்கோ. ஒரேயடியாகப் பதினைந்தை நிப்பாட்டி ஏதாவது வேலை செய்யாவிட்டால் எது காரணம் என்று தெரியாது.

மக் வைத்திருக்கிற ஆக்கள் சிஸ்டம் செட்டிங்ஸில் ஜெனரல், அதில் லாகின் ஐட்டம்ஸ் போனால் இதே மாதிரிப் பட்டியல் இருக்கும்.

இந்தக் கிழமைக்கான வீட்டுவேலை: அப்பாவையோ அம்மாவையோ பக்கத்தில இருத்திக்கொண்டு பட்டியலில் இருக்கிற ஒவ்வொரு பெயரையும் வாசியுங்கோ. "இதைப் பாவிக்கிறீங்களா?" என்று கேளுங்கோ. நிப்பாட்டினவற்றின் பெயரை ஒரு தாளில் தமிழில் எழுதி மேசையில ஒட்டிவிடுங்கோ. தமிழ் எழுதத் தயக்கமாக இருந்தால் அவர்களையே எழுதச் சொல்லுங்கோ. அடுத்த கிழமை சந்திப்போம்.