பீரோவை ஒழிக்கப் போகி வரை காத்திருக்க வேண்டாம்

புரட்டாசி பிறந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டி, ஐப்பசி பிறந்த கையோடு தொடங்கும். திருமயம் வட்டாரத்து வீடுகளுக்கு இந்தப் பருவத்தில் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: துணி பீரோவை ஒழித்து அடுக்கும் வேலையைப் போகிக்கென்று தள்ளிவைக்காமல், ஐப்பசிக்குள் முடித்துவிடுங்கள். போகி வருவது ஜனவரி நடுவில். அதற்குள் மூன்று மாத மழையும் ஈரமும் கடந்துபோயிருக்கும். இப்போது எடுத்துக் கொடுத்தால் இன்னொருவர் மழைக்காலத்தில் உடுத்தக்கூடிய சேலை, அப்போது பூசணம் பிடித்து எதற்கும் ஆகாமல் போயிருக்கும். நெருப்பில் போடுவதைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலைக்கு நல்ல துணியை நாமே தள்ளிவிடுகிறோம். செய்யும் வேலை ஒன்றுதான். செய்யும் மாதத்தை மாற்றினால் துணியின் கதியே மாறிவிடும்.

பீரோ ஏன் நிரம்பி வழிகிறது என்று யோசித்தாலே இதன் நியாயம் விளங்கும். நம் வீடுகளுக்குள் துணி ஆண்டு முழுவதும் வந்துகொண்டே இருக்கிறது. ஆடித் தள்ளுபடியில் கொஞ்சம், தீபாவளிக்கு வீட்டில் எல்லாருக்கும், பொங்கலையொட்டி 1983-இல் தொடங்கிய திட்டத்தின்படி அரசு தரும் விலையில்லா வேட்டி சேலை, எட்டாம் வகுப்பு வரை சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு நான்கு இணைச் சீருடை. கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று வைத்துக்கொடுக்கும் சேலையும் வேட்டியும் தனி. வரும் வழி இத்தனை. போகும் வழியோ ஆண்டுக்கு ஒரே ஒரு நாள். அந்த நாளும் தீபாவளித் துணி வந்து சேர்ந்த பிறகுதான் வருகிறது. ஆகவே ஆண்டிலேயே பீரோ மிக நெருக்கமாக அடைந்துகிடக்கும் காலமும் காற்றில் ஈரம் மிகுந்திருக்கும் காலமும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. துணிக்குக் கேடு விளைவது இந்தச் சேர்க்கையில்தான்.

காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு மேல் நாள்கணக்கில் நீடித்தால் துணியில் பூசணம் வளரத் தொடங்கும். வியர்வை, கஞ்சி, எண்ணெய்க் கறை ஆகியவை அதற்கு உணவு. மழை பிடித்துக்கொண்டால் கொடியில் கிடக்கும் துணி முழுதாகக் காய்வதில்லை. அரை ஈரத்தோடு மடித்து உள்ளே வைத்த ஒரு சட்டை, தன் மேலும் கீழும் உள்ள துணிகளுக்கும் ஈரத்தைக் கொடுத்துவிடும். வெளிச்சுவரோடு ஒட்டி நிற்கும் இரும்பு பீரோவில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். சுவரில் ஊறிய ஈரம் தகட்டில் படிந்து துருவாகி, துருக்கறை துணியில் ஏறினால் எளிதில் போகாது. இராமபாணப் பூச்சிக்குக் கஞ்சிப் பசையும் காகிதமும் பிடித்த தீனி; அந்துப்பூச்சியின் புழு பட்டையும் கம்பளியையும் தின்னும். கஞ்சி போட்ட சேலையை அடுக்கி, தட்டில் செய்தித்தாளை விரித்து, கதவையும் இறுக மூடிவிட்டால் இவை அத்தனைக்கும் நாமே இடம் கொடுத்ததாகிவிடும்.

எனவே வேலையை வெயிலைக் கொண்டு திட்டமிடுங்கள். புரட்டாசியில் மாலையில் இடியுடன் மழை வரக்கூடும். காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் இரண்டு மணிக்குள் காயவைத்து எடுத்துவிட வேண்டும். முழு பீரோவையும் ஒரே நாளில் இறக்கிக் கட்டிலில் குவித்தால், இருட்டுவதற்குள் எல்லாம் கலைந்தபடியே உள்ளே திரும்பிவிடும். ஒரு நாளைக்கு ஒரு தட்டு போதும். பருத்தித் துணியை வெயிலிலேயே போடலாம். பட்டை நேர்வெயிலில் போடக் கூடாது. இழை வலுவிழந்து நிறம் மங்கும். நிழலில், காற்றோட்டமான இடத்தில் விரித்து, பழைய மடிப்பை மாற்றி மடித்து, வெளுத்த பருத்தி வேட்டித் துணியில் சுற்றிவையுங்கள். ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் சரிகை, அந்த மடிப்பிலேயே இற்றுப்போகும். நெடுநாள் உடுத்தப்போகாத பருத்திச் சேலையையும் வேட்டியையும் கஞ்சி போக அலசிக் காயவைத்த பிறகே உள்ளே வைக்க வேண்டும். தட்டுகளை உலர்ந்த துணியால் துடைத்து, செய்தித்தாளுக்குப் பதிலாகப் பழைய பருத்தித் துணியை விரியுங்கள். பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரல் அளவாவது தள்ளி நிறுத்துங்கள்.

எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதில்தான் பலரும் தயங்குகிறார்கள். ஓராண்டாக உடுத்தாததை எடுத்துவிடு என்பது இப்போது பரவலாகச் சொல்லப்படும் விதி. அன்றாடத் துணிக்கு அது பொருந்தும். முகூர்த்தத்துக்கு மட்டும் எடுக்கும் பட்டுக்குப் பொருந்தாது. குடும்பத்தில் இரண்டு ஆண்டு கல்யாணம் இல்லை என்பதற்காகக் கூறைப்புடவையை யாரும் விட்டுவிடப் போவதில்லை. ஆகவே துணியின் பயனை வைத்து மூன்று வகையாகப் பிரித்துக்கொள்வது நம் வீடுகளுக்கு ஏற்றது. வீட்டிலும் வேலைக்கும் உடுத்துவதை ஓராண்டுக் கணக்கில் பாருங்கள். விசேஷத் துணியானால் இன்று உடுத்தினால் அளவு சரியாக இருக்குமா, ரவிக்கை பொருந்துமா என்று பாருங்கள். தைத்துச் சரிசெய்ய வேண்டியதை இந்த வாரமே தையற்காரரிடம் கொடுத்துவிடுங்கள், தீபாவளி நெருங்கினால் அவர் வாங்க மாட்டார். பிள்ளைகளின் துணியை வளர்ச்சியை வைத்துப் பாருங்கள். சிறுத்துப்போன சீருடை அடுத்த ஆண்டு பெரிதாகிவிடாது. ஆனால் இன்றைக்கே அது சேரக்கூடிய பிள்ளை அடுத்த தெருவில் இருக்கும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நம் முன்னோர் எதையும் வீணாக்காமல் வைத்துக் காப்பாற்றினார்கள். எடுத்துக் கழிக்கச் சொல்வது இன்றைய வாங்கி எறியும் பழக்கத்துக்குத்தானே துணைபோகும் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்கில் உலகம் ஆண்டுக்கு 9.2 கோடி டன் துணியைக் கழிவாக்குகிறது; அதில் நாமும் கொஞ்சம் சேர்ப்பது பெருமையல்ல. ஆனால் முன்னோர் துணியைக் காத்தது அதைப் பயன்பாட்டில் வைத்திருந்ததால்தான். சேலை நைந்தால் தாவணிக்கு ஆகும். அதுவும் நைந்தால் தொட்டிலுக்கு, பிறகு அடுப்படியில் கரித்துணிக்கு. திருமயத்தைச் சுற்றி இராயவரம், அரிமளம், கடியாபட்டி போன்ற ஊர்களில் நிற்கும் செட்டிநாட்டு வீடுகளின் முற்றமும் வளவும் வெளிச்சமும் காற்றும் புழங்கும்படி அமைந்தவை. அந்தப் பகுதிக்கே உரிய கண்டாங்கிச் சேலை, 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது, முரட்டுப் பருத்தியில் அகலக் கரையோடு நெய்யப்படுவது. உடுத்தித் துவைத்துக் காயவைத்துத் திரும்ப உடுத்துவதற்கான துணி அது. பத்து ஆண்டாக வெளிச்சமே படாமல் பீரோவின் அடியில் கிடப்பதைச் சிக்கனம் என்று சொல்ல முடியாது. முன்னோர் வழியைப் பின்பற்ற விரும்புகிறவர் துணியைப் புழக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும், வீட்டிலோ அடுத்த வீட்டிலோ.

கொடுப்பதற்கும் ஒழுங்கு வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரைப் பகுதிகளுக்கு லாரி லாரியாகப் பழைய துணி போய்ச் சேர்ந்தது. பெரும்பகுதி கிழிந்ததும் கறைபட்டதும் அந்த மக்களின் உடுத்தும் வழக்கத்துக்கு ஒவ்வாததுமாக இருந்ததால் தெருவோரங்களில் குவிந்து கிடந்தது. எல்லாம் இழந்து நின்றவர்களிடம் நம் வீட்டுக் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டுவது உதவியாகாது. அது அவர்களை அவமதிப்பது. 1999-இல் அன்ஷு குப்தா தில்லியில் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு, அன்று ஒதுக்கப்பட்ட துணிகளைத் தரம் பிரித்துப் பயன்படும்படி மாற்றும் பணியில் இறங்கியது. நாமும் முதலிலேயே பிரித்துவிடலாம். நாம் உடுத்தக் கூசாத நிலையில் இருப்பதை மட்டும் துவைத்து, பொத்தான் தைத்து, மடித்து, தேவையா என்று கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும். மற்ற பருத்தித் துணி மிதியடிக்கும் துடைக்கவும் ஆகும். போர்வை, கம்பளி, பிள்ளைகளின் முழுக்கைச் சட்டை ஆகியவற்றுக்கு மழைக்கு முன்புதான் மதிப்பு. தை வெயிலில் கொடுத்தால் வாங்குகிறவரும் அடுத்த மழை வரை அதைக் கட்டித்தான் வைக்க வேண்டும்.

பழையதைக் கழிப்பது போகியின் மரபாயிற்றே, அதை எப்படி விடுவது என்று பெரியவர்கள் கேட்பார்கள். போகியை விட வேண்டியதில்லை. வீட்டை வெள்ளையடித்து, கூரைப்பூ செருகி, நன்றாகவே கொண்டாடலாம். துணியை மட்டும் அந்த நெருப்பிலிருந்து விலக்குங்கள். இன்றைய சேலைகளிலும் சட்டைகளிலும் பாதிக்கு மேல் செயற்கை இழை கலந்தவை ஏராளம். பாலியஸ்டர் பெட்ரோலியத்திலிருந்து வருவது, எரிந்தால் உருகி நச்சுப்புகை விடும். பருத்தி மட்டுமே உடுத்திய காலத்து வழக்கத்தை இந்தத் துணிக்கு அப்படியே பொருத்த முடியாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்வதும் இதைத்தான். புரட்டாசியில் வீட்டைச் சுத்தம் செய்வதும் மரபுக்குப் புறம்பானதல்ல. சத்தியமூர்த்திப் பெருமாள் கோயில் கொண்ட இந்த ஊரில் புரட்டாசிச் சனிக்கு வீடு கழுவித் தளிகை போடுகிறோம். சரசுவதி பூசைக்கு ஒட்டடை அடிக்கிறோம். அந்தச் சுத்தத்தில் பீரோவையும் சேர்த்துக்கொண்டால் போதும்.

திரும்ப அடுக்கும்போது மழையை மனத்தில் வைத்து அடுக்குங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரைகடந்த கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஓட்டு வீடானாலும் தொகுப்பு வீடானாலும், வீட்டில் ஒவ்வொருவருக்கும் இரண்டு மாற்றுத்துணியை நீர் புகாத பையில் கட்டி, ரேஷன் அட்டை, பட்டா, பள்ளிச் சான்றிதழ்களோடு கைக்கெட்டும் தட்டில் வையுங்கள். தண்ணீர் ஏறும் பகுதியானால் கடைசித் தட்டில் துணியே வேண்டாம். தட்டுகளில் கால் பங்கு இடம் காலியாக இருந்தால்தான் காற்று புகும். நன்றாகக் காய்ந்த வேப்பிலையும் வசம்பும் துணிப்பையில் போட்டு மூலைகளில் வைக்கலாம். பாச்சை உருண்டை வைத்தால் பட்டிலும் சரிகையிலும் படாமல் வையுங்கள். பச்சிளங்குழந்தையின் துணியோடு ஒருபோதும் வைக்காதீர்கள், அதன் ஆவியால் சில குழந்தைகளுக்கு இரத்தச் சிவப்பணு சிதைந்து மஞ்சள் காமாலை வரும். மழை விட்டு வெயில் அடிக்கும் நாள்களில் பீரோக் கதவைச் சிறிது நேரம் திறந்துவிடுங்கள்.

இந்த வாரம் பிள்ளைகளின் துணி, அடுத்த வாரம் அன்றாடப் பருத்தி, மூன்றாவது வாரம் பட்டும் விசேஷத் துணியும், கடைசி வாரம் போர்வையும் படுக்கை விரிப்பும் என்று வைத்துக்கொண்டால் ஐப்பசிக்குள் முடிந்துவிடும். கொடுப்பதற்கென்று பிரித்த துணியை மூட்டையாகக் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டால் செய்த வேலை அத்தனையும் வீண். தட்டை ஒழித்த அன்றே, யாருக்கு என்று முடிவுசெய்து, அவர் கையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.