குவியலுக்குள் கைவிட்டுப் பாருங்கள்

நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்றபோது அதனுள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டதாக வியாபாரி கூறினார். மக்கள் பார்க்கும்படி ஈரமானதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். இச்சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

இதிலுள்ள படிப்பினையைக் கவனியுங்கள். மழை பெய்தது அவ்வியாபாரியின் குற்றமல்ல. ஈரத்தை அடியில் மறைத்ததே குற்றம். வியாபாரத்தில் நட்டம் எவருக்கும் வரலாம். அதை வாங்குபவர் தலையில் கட்டக் கூடாது.

நமது கடைகளிலும் இத்தகைய சந்தர்ப்பங்கள் தினமும் வருகின்றன. அரிசி மூடையில் வண்டு, காலாவதித் திகதி நெருங்கிய பால்மா, சாயம் போகும் சாரம் என்று வாடிக்கையாளர் முறையிட்டால் கோபப்படாமல் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். கடை மூடும்போது ஐந்து நிமிடம் அதைப் புரட்டுங்கள். ஒரே பொருள் மூன்று தடவை திரும்பி வந்திருந்தால், கொள்வனவிலோ களஞ்சியத்திலோ பிழை இருக்கிறது.

குறையுள்ள பொருளைத் தனியாக வையுங்கள். பாவிக்கக் கூடியதாயின் குறையைச் சொல்லி, விலையைக் குறைத்து விற்கலாம். காலாவதியானதை அகற்றி விடுங்கள். அன்றைய வருமானம் சற்றுக் குறையலாம். ஆனால் வாடிக்கையாளர் உங்களை நம்பி மீண்டும் வருவார்.

வாங்குபவரின் கை குவியலுக்குள் போகுமுன் நமது கை போகட்டும். ஹலாலான உழைப்பில்தான் பரக்கத் இருக்கிறது.