ஒரே திரையில் பல கணினி உதவியாளர்கள்: கடைக்காரர் அறிய வேண்டியவை



நம் கடைகளுக்கு முதலில் கால்குலேட்டர் வந்தது. பிறகு பில் போடும் கணினி வந்தது. அதன் பின் கல்லாப் பெட்டியருகே கியூஆர் அட்டை வந்தது. ஒவ்வொன்றும் வந்தபோது "இது நமக்கு எதற்கு?" என்றோம். பிறகு அது இல்லாமல் கடை நடத்த முடியாது என்ற நிலை வந்தது. இப்போது வந்திருப்பது, சொன்ன வேலைக்குத் தானே நிரல் எழுதித் தரும் செயற்கை அறிவு. கள்ளக்குறிச்சி மொத்த வியாபாரிக்கும், கச்சிராயப்பாளையம் வழியாக மலையேறினால் வரும் வெள்ளிமலை, கரியாலூர் பகுதி மளிகைக் கடைக்காரருக்கும் இதனால் என்ன பயன், எங்கே ஆபத்து என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

வியாபாரியின் தேவையில் பிறந்தது

மென்பொருள் என்பது படித்தவர்கள் விஷயம் என்று நாம் ஒதுங்க வேண்டியதில்லை. ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர உதிரி பாகமும் விற்றுவந்த ஷியாம் சுந்தர் கோயங்கா என்ற வியாபாரிக்கு, தம் கணக்கைப் பார்க்கத் தோதான மென்பொருள் கிடைக்கவில்லை. கணிதப் பட்டதாரியான மகன் பரத் கோயங்காவிடம் ஒன்று எழுதித் தரச் சொன்னார். 1986ல் அவர்கள் தொடங்கிய நிறுவனமே இன்று 'டாலி' என்று நாம் அறிந்தது. தகப்பனாருக்கு நிரல் எழுதத் தெரியாது; ஆனால் கணக்கு எப்படி இருக்க வேண்டும் என்பது தெரியும். இந்தப் பாடத்தின் சாரமே அதுதான்.

ஏஜென்ட் என்றால் யார்?

நமக்கு ஏஜென்ட் என்றால் கமிஷன் ஏஜென்ட். நம் சார்பில் சரக்கு பிடிப்பார். நம் பெயரில் விலை பேசுவார். கணினி ஏஜென்டும் அப்படித்தான். "இந்த மாற்றத்தைச் செய்" என்று தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதினால், கோப்புகளைத் திறந்து படிக்கும்; திருத்தும்; சோதித்துப் பார்க்கும்; தவறினால் மறுபடி முயலும். 2025 பிப்ரவரியில் கிளாட் கோட், ஏப்ரலில் கோடெக்ஸ், ஜூனில் ஜெமினி சிஎல்ஐ என்று வரிசையாக இவை வெளிவந்தன.

இவை ஓடும் இடம் 'டெர்மினல்' எனப்படும் எழுத்துத் திரை. பழைய டாஸ் கணினியில் பில் போட்டவர்களுக்கு அந்தக் கறுப்புத் திரை நினைவிருக்கும். படமோ பொத்தானோ இராது. கட்டளை எழுதினால் பதில் எழுத்தாக வரும். ஒரே திரையைப் பல கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு வேலையை ஓடவிடும் டிமக்ஸ் போன்ற கருவிகள் முன்பே உண்டு. இப்போது வார்ப் போன்ற மேசைக் கணினிச் செயலிகள், பல ஏஜென்டுகளை ஒரே இடத்தில் வைத்து, யார் வேலையில் இருக்கிறார், யார் முடித்துவிட்டார், யார் நம் அனுமதிக்குக் காத்திருக்கிறார் என்று காட்டுகின்றன. கல்லாவில் அமர்ந்தபடி எடை போடுபவரையும், பொட்டலம் கட்டுபவரையும், குடோன் ஆளையும் ஒருசேரப் பார்ப்பது போல.

மூன்று பேர், ஒரு பேரேடு

கரியாலூரில் ஒரு மளிகைக் கடை. மலைப் பொருள் கொள்முதலும் உண்டு என்று வைத்துக்கொள்வோம். கணினி படித்த மகள், கடையின் பில் நிரலில் மூன்று வேலைகளை மூன்று ஏஜென்டுகளுக்குத் தருகிறாள். ஒன்று, ஜிஎஸ்டி விகிதங்களைப் புதுப்பிப்பது. இரண்டு, கடுக்காய், புளி, சாமை கொள்முதலில் எடையையும் கொடுத்த முன்பணத்தையும் கழித்துச் சிட்டை போடுவது. மூன்று, மழையில் சிக்னல் போனாலும் பில் போட வழி செய்வது.

மூவரும் ஒரே பேரேட்டில் ஒரே நேரத்தில் எழுதினால் என்ன ஆகும்? ஒருவர் எழுதியதை மற்றவர் அடிப்பார். ஆகவே ஆளுக்கொரு நகல் தரவேண்டும். 2005ல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய 'கிட்' என்ற ஏற்பாட்டில் இதற்கு வழி உண்டு. யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்ற நாள்வழி அதில் இருக்கும். ஆளுக்கொரு தனி நகலும் பிரித்துத் தரலாம். வேலை முடிந்ததும் பழைய வரி, புதிய வரி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, சரியென்றால் மட்டும் அசலில் சேர்க்க வேண்டும். பிடிக்காவிட்டால் அந்த நகலைக் கிழித்துப் போடலாம், அசலுக்குச் சேதமில்லை.

ஒன்றை மறக்கக்கூடாது. மேற்சொன்ன ஏஜென்டுகளின் மூளை தூரத்துக் கணினியில் இருக்கிறது. எனவே நிரல் எழுதும்போது இணையம் வேண்டும். எழுதி முடித்த பில் நிரலோ, அப்படிக் கேட்டு எழுதச் செய்தால், இணையம் இல்லாமலும் ஓடும். மலைக் கடைக்கு இது முக்கியம்.

சோப்பு ஒன்றல்ல

22.9.2025 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. 12, 28 சதவீதப் படிகள் பெரும்பாலும் நீங்கி, 5, 18 என்ற இரண்டு முக்கியப் படிகள் நின்றன. குளியல் சோப்புக் கட்டி 18லிருந்து 5 ஆனது. டிடர்ஜென்ட் 18லேயே நின்றது. நம் சரக்குப் பட்டியலில் இரண்டையும் 'சோப்பு' என்றே எழுதியிருந்தால், ஏஜென்ட் இரண்டுக்கும் 5 போட வாய்ப்புண்டு. நிரல் பிழையின்றி ஓடும்; பில் அழகாக வரும்; கணக்கு மட்டும் தவறு. வரிக்கு முந்தைய விலையில் 1,000 ரூபாய்க்கு டிடர்ஜென்ட் விற்றால் 180 ரூபாய் வரி. நாம் வாங்கியது 50. மீதி 130 ரூபாய் நம் கையிலிருந்து போகும். மாறாக, குளியல் சோப்பில் 18 நின்றுவிட்டால் வாடிக்கையாளரிடம் அதிகம் வாங்கிய பழி நம்மைச் சேரும்.

அரிசியும் அப்படியே. 18.7.2022 முதல் 25 கிலோ வரை முன்கூட்டியே பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீதம். மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக நிறுத்துக் கொடுத்தால் வரி இல்லை. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்கள் பில்லில் தனியே வரி வசூலிக்கவே கூடாது. இவற்றை ஏஜென்ட் யூகிக்கும்; நமக்கோ தெரியும். எழுதித் தரவேண்டியவர் நாமே.

அசல் கணக்கைக் கையில் கொடுக்காதீர்

2025 ஜூலையில் அமெரிக்காவில் ஜேசன் லெம்கின் என்ற தொழிலதிபர், ரெப்லிட் நிறுவனத்தின் ஏஜென்டைக் கொண்டு செயலி ஒன்றைச் செய்துவந்தார். எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்தும், அது அசல் தரவுத் தொகுப்பையே அழித்தது. மீட்க முடியாது என்றும் சொன்னது. பின்னர் மீட்க முடிந்தது. நிறுவனத் தலைவர் அம்ஜத் மசாத் வருத்தம் தெரிவித்து, சோதனைத் தரவையும் அசல் தரவையும் தனித்தனியே பிரித்துவைக்க ஏற்பாடு செய்தார். நம் கடையில் அசல் தரவு என்பது யார் எவ்வளவு பாக்கி என்ற கடன் கணக்கு. அது போனால், வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்து என்ன கேட்பது?

கைக்கொள்ள வேண்டிய விதிகள்

1. கடன் கணக்கு, இருப்பு, வங்கி விவரம் உள்ள அசல் கணினியில் ஏஜென்டை ஓடவிடக் கூடாது. பெயர்களை மாற்றிய போலிக் கணக்கு ஒன்றைத் தந்து வேலை வாங்குங்கள்.

2. கடையின் விதிகளை ஒரு தாளில் எழுதுங்கள்: எந்தச் சரக்குக்கு எந்த வரி, எப்படி எடைக்கழிவு, பைசாவை எப்படி முழுமையாக்குவது. எல்லா ஏஜென்டுக்கும் அதே தாள்.

3. "எல்லாவற்றுக்கும் அனுமதி" என்ற வசதியை இயக்காதீர். அழிக்கும் கட்டளைக்கு மனிதர்தான் சம்மதம் சொல்லவேண்டும்.

4. பார்க்க முடிந்த அளவுக்கே ஆள் வையுங்கள். பெரும்பாலும் வேலைக்கு ஏற்ப மீட்டர் ஓடும். ஏஜென்டுகள் கூடினால் செலவும் கூடும், சரிபார்க்கும் பாரமும் கூடும். இரண்டில் தொடங்கலாம்.

5. அசலில் சேர்ப்பதற்கு முன், கையால் கணக்குப் போட்ட இருபது பில்களை நிரலிலும் போட்டு ஒப்பிடுங்கள். ஒரு ரூபாய் பிசகினாலும் திருப்பி அனுப்புங்கள்.

6. அன்றாடம் இரவு கணக்கின் நகலை வேறொரு பென்டிரைவில் எடுத்து, கடைக்கு வெளியே வையுங்கள்.

வீட்டில் செய்து பார்க்க

உங்கள் பில்லில் 'சோப்பு', 'எண்ணெய்', 'அரிசி' என்று பொதுப் பெயரில் எத்தனை சரக்குகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். அவற்றை வகை பிரித்து, எச்எஸ்என் எண்ணும் வரியும் எழுதுங்கள். உங்களுக்கு வரி பார்ப்பவரிடம் ஒருமுறை காட்டுங்கள். இதற்குக் கணினியே வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். பிள்ளைகள் ஏஜென்டைக் கொண்டுவரும் நாளில், அந்த நோட்டுத்தான் முதலீடு.

எத்தனை ஏஜென்ட் வேலை செய்தாலும் பில்லில் அச்சாவது நம் கடைப் பெயர். வரி அதிகாரியும் வாடிக்கையாளரும் கேட்பது நம்மைத்தான். ஆட்களை வேலை வாங்கத் தெரிந்த வணிகருக்கு இந்த ஆட்களையும் வேலை வாங்கத் தெரியும்; கணக்கைக் கடைசியாகப் பார்ப்பது மட்டும் எப்போதும் முதலாளியாகவே இருக்கட்டும்.