முதலில் மென்பொருள், அப்புறம் கேமரா

அன்புள்ள வாசகருக்கு,

எந்தக் கம்பெனி கேமரா நல்லது, எத்தனை மெகாபிக்சல் வேண்டும், எல்லாவற்றையும் ஒரே திரையில் பார்க்க என்ன மென்பொருள் என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். உங்களுடையது கோவை புறநகரில் தனிவீடு. ஹாலில் ஏற்கெனவே ஒரு வைஃபை கேமரா இருக்கிறது. இனி கேட்டுக்கு ஒன்று, கொல்லைப்புறத்துக்கு ஒன்று வாங்க வேண்டும். நான் மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். பலரும் மாட்டை வாங்கிவிட்டுத் தொழுவம் தேடுவதுபோல, கேமராவை மாட்டிவிட்டுத்தான் மென்பொருளைத் தேடுகிறார்கள். அப்போது தேர்வு அவர்கள் கையில் இருப்பதில்லை.

உங்கள் ஹால் கேமரா ஏன் வேறு எதிலும் சேர மாட்டேன் என்கிறது தெரியுமா? அந்த வகை கேமராக்கள் பலவும் தம் சொந்த ஆப்புக்கு மட்டுமே படம் தரும். பதிவு வேண்டுமென்றால் எஸ்டி கார்டு, அல்லது மாதச் சந்தா. கம்பெனி சர்வரை மூடினாலோ சந்தாவை ஏற்றினாலோ உங்களால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. பேட்டரியில் ஓடும் கேமராக்களும் பெரும்பாலும் இந்த ரகம்தான். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அவை தொடர்ந்து படம் அனுப்பாமல் தூங்கிக்கொண்டிருக்கும்.

ஆகவே கடையில் கம்பெனிப் பெயரைவிட முக்கியமாகக் கேட்க வேண்டிய பெயர்கள் இரண்டு: ஆர்டிஎஸ்பி, ஆன்விஃப். முதலாவது வீடியோவை நெட்வொர்க்கில் ஓட விடும் நெறிமுறை, 1998-லேயே வகுக்கப்பட்டது. இரண்டாவது, வெவ்வேறு கம்பெனிகளின் கேமராக்களும் ரெக்கார்டர்களும் ஒன்றையொன்று அடையாளம் கண்டு பேசிக்கொள்ள 2008-ல் ஆக்ஸிஸ், பாஷ், சோனி ஆகிய மூன்றும் சேர்ந்து தொடங்கிய பொதுத்தரம். அதில் ‘புரொஃபைல் எஸ்’ அடிப்படை வீடியோவுக்கு, ‘புரொஃபைல் டி’ (T) வீடியோவைச் சுருக்கும் எச்.265 போன்ற புதிய முறைகளுக்கு. பெட்டியில் அச்சடித்திருப்பதை மட்டும் நம்பாதீர்கள். ஆன்விஃப் அமைப்பே தன் தரத்துக்கு இணங்கும் மாடல்களின் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கிறது. மாடல் எண்ணை அதில் தேடிப் பாருங்கள்.

இதைச் சோதிக்கக் காசு செலவில்லை. கம்ப்யூட்டரில் விஎல்சி பிளேயரைத் திறந்து, ‘ஓப்பன் நெட்வொர்க் ஸ்ட்ரீம்’ என்ற இடத்தில் கேமராவின் ஆர்டிஎஸ்பி முகவரியை, பயனர் பெயர், பாஸ்வேர்டோடு சேர்த்து இடுங்கள். முகவரி எப்படி அமையும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். போர்ட் எண் பெரும்பாலும் 554. படம் ஓடினால் அந்தக் கேமரா கிட்டத்தட்ட எந்த மென்பொருளோடும் சேரும். ஓடவில்லை, அல்லது மென்பொருளில் சேரவில்லை என்றால் உடனே கேமராவைக் குறை சொல்லிவிடாதீர்கள். ஹிக்விஷனில் ஆன்விஃப் வசதி அணைத்தே வரும். அதை இயக்கிவிட்டு, அதற்கென்று தனிப் பயனரையும் உருவாக்க வேண்டும். டிபி-லிங்க் டாப்போவில் ஆப்புக்குள் போய் ‘கேமரா அக்கவுண்ட்’ என்று ஒன்றைத் தனியாகத் தொடங்க வேண்டும்.

இனி மென்பொருள். கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்ட நேரமில்லை என்றால் ஆன்விஃப் ஏற்கும் ஓர் என்விஆர் பெட்டி, அதாவது நெட்வொர்க் கேமராக்களுக்கான ரெக்கார்டர், போதும். கடைக்காரர் ‘டிவிஆர் பேக்கேஜ்’ என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். டிவிஆர் அடிப்படையில் கோஆக்சியல் கேபிள் கேமராக்களுக்கானது. நீங்கள் வாங்கப்போகும் நெட்வொர்க் கேமராக்களுக்கு என்விஆர் என்று கேட்டு வாங்குங்கள். கம்ப்யூட்டரிலேயே செய்ய ஆசை என்றால் விண்டோஸுக்குக் காசு கொடுத்து வாங்கும் புளூ ஐரிஸ் இருக்கிறது. ஏஜென்ட் டிவிஆர் விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். மைல்ஸ்டோனின் இலவசப் பதிப்பு 8 கேமரா வரை ஏற்கும். லினக்ஸ் பழகியவருக்குத் திறமூல மென்பொருளான ஃப்ரிகேட் நல்ல துணை. மனிதர், வண்டி, நாய் என்று வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே இனம் பிரித்துச் சொல்லிவிடும். இலை அசைந்ததற்கெல்லாம் போன் அலறாது.

பரணில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பை இதற்கு இறக்கலாமே என்று தோன்றும். 60 வாட் இழுக்கும் இயந்திரம் இரவு பகலாக ஓடினால் இரண்டு மாத மின்கணக்கில் சுமார் 86 யூனிட் ஏறும். அரசு தரும் இலவச மின்சாரத்தில் கணிசமான பங்கை அதுவே தின்றுவிடும். சின்ன மினி பிசி ஒன்று இதே வேலையை இதில் சிறு பங்கு மின்சாரத்தில் முடித்துவிடும்.

இப்போது மெகாபிக்சலுக்கு வருவோம். கேட்டில் நிற்பவர் யார் என்று முகம் தெரிய வேண்டும் என்பதுதானே உங்கள் தேவை? முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காண, காட்சியின் அகலத்தில் மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது இத்துறையில் புழங்கும் அளவுகோல். போர்டிகோவிலிருந்து கேட் 20 அடி, அதாவது 6 மீட்டர் என்று வையுங்கள். வழக்கமாகத் தரும் 2.8 எம்எம் லென்ஸ் அந்தத் தூரத்தில் ஏறத்தாழ 15 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். 2 மெகாபிக்சல் கேமராவில் படுக்கைவாட்டில் 1920 பிக்சல். வகுத்தால் மீட்டருக்கு 130-ஐத் தாண்டாது. 4 மெகாபிக்சலுக்குப் போனாலும் 170-தான். அதே 2 மெகாபிக்சலில் 6 எம்எம் லென்ஸ் போட்டால் காட்சி 6 மீட்டருக்குக் குறுகி, 300-க்கு மேல் கிடைக்கும். ஆகவே கேட்டுக்கு 6 எம்எம், கொல்லைக்கு 2.8 எம்எம் என்று கேளுங்கள். மெகாபிக்சலை ஏற்றுவதற்கு முன் லென்ஸை மாற்றுங்கள்.

பதிவுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதும் எளிய கணக்குதான். விநாடிக்கு 2 மெகாபிட் அனுப்பும் கேமரா ஒரு நாளில் 21.6 ஜிபி நிரப்பும். இரண்டு கேமராவுக்கு 1 டிபி ஹார்ட் டிஸ்க் மூன்று வாரம் தாங்கும். எச்.265 இடத்தை மிச்சம் பிடிக்கும். ஆனால் மென்பொருள் அதை ஏற்குமா என்று முதலில் பாருங்கள். கூட்டல் குறியோடு ‘எச்.265 பிளஸ்’ என்று வருபவை கம்பெனிகளின் சொந்தக் கைவேலை. வெளி மென்பொருளில் தகராறு செய்தால் அதை அணைத்துவிடுங்கள்.

இரண்டு கேமராவுக்கும் வயர் இழுக்க முடிந்தால் இழுத்துவிடுங்கள். பிஓஇ என்ற முறையில் ஒரே லேன் கேபிள் 100 மீட்டர் வரை மின்சாரத்தையும் படத்தையும் சேர்த்துக் கொண்டுபோகும். பிஓஇ ஸ்விட்ச், ரவுட்டர், ரெக்கார்டர் மூன்றையும் இன்வெர்ட்டரில் கொடுத்துவிட்டால் கரண்ட் போனாலும் பதிவு நிற்காது.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016-ல் ‘மிராய்’ என்ற நச்சுநிரல், கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் தேடிப் பிடித்து, அவற்றைக் கொண்டே அமெரிக்காவில் பெரிய தளங்களைச் சில மணி நேரம் முடக்கியது. மாட்டிய அன்றே பாஸ்வேர்டை மாற்றுங்கள். வெளியூரிலிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட்டைத் திறந்து வைக்காதீர்கள். வயர்கார்டு அல்லது டெய்ல்ஸ்கேல் போன்ற விபிஎன் வழியாக வீட்டு நெட்வொர்க்குக்குள் நுழைந்து பாருங்கள். நம் நாட்டில் 2025 ஏப்ரல் 9 முதல் சிசிடிவி கேமராக்களுக்கு அரசின் பாதுகாப்புச் சோதனை கட்டாயம். அந்தச் சான்று இருக்கிறதா என்று கடையில் கேட்கத் தயங்காதீர்கள்.

ஹால் கேமராவை என்ன செய்வது என்கிறீர்கள். என்னைக் கேட்டால், வீட்டில் இருக்கும் எல்லோரும் சம்மதித்தால் மட்டும் வையுங்கள். உடன் வசிப்பவரின் ஒப்புதல் இல்லாமல் வீட்டுக்குள் கேமரா ஓட்டுவது அந்தரங்க உரிமையை மீறுவது என்று 2025-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. கேட் கேமராவையும் எதிர்வீட்டு ஜன்னல் படத்துக்குள் வராதபடி திருப்பி வையுங்கள்.

கடைசியாக ஒன்று. இரண்டு கேமராவையும் சேர்த்து வாங்காதீர்கள். கேட்டுக்கு மட்டும் முதலில் ஒன்று வாங்கி, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் விஎல்சியில் ஓட்டி, நீங்கள் தேர்ந்த மென்பொருளில் சேர்த்து, இரவு விளக்கை அணைத்துவிட்டு வீட்டாரில் ஒருவரைக் கேட்டில் நிற்கச் சொல்லிப் பாருங்கள். முகம் தெரிந்தால் அடுத்ததை வாங்குங்கள். தெரியாவிட்டால் எந்த மாடல், எந்த லென்ஸ் என்று எனக்கு எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்