வாந்தி வரும் உடல்வாகு உங்கள் குடும்பத்தில் உண்டா?



“எங்க அம்மா ஆபரேஷன் முடிஞ்சு விடிய விடிய வாந்தி எடுத்தாங்க. அக்காவுக்கும் அதே கதி. எனக்கு ஆபரேஷனே வேண்டாம்” என்று சொல்லும் பெண்கள் உண்டு. பயம் வேண்டாம். ஆனால் அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதை டாக்டரிடம் சொல்லாமல் விடுவதுதான் தவறு.

வாந்தி ஏன் வருகிறது?

மயக்க மருந்தும், மார்பின் போன்ற வலி மருந்துகளும் மூளையில் வாந்தியைத் தூண்டுகின்றன. பெரும்பாலும் இதுவே காரணம், திருஷ்டி அல்ல.

யாருக்கு அதிகம்?

1. பெண்களுக்கு.
2. பஸ் பயணத்தில் வாந்தி வருபவருக்கும், முந்தைய ஆபரேஷனில் வாந்தி எடுத்தவருக்கும்.
3. பீடி, சிகரெட் பழக்கம் இல்லாதவருக்கு. (இதற்காக யாரும் பீடி பிடிக்க வேண்டாம்!)
4. ஆபரேஷனுக்குப் பின் மார்பின் போன்ற மருந்து பெறுபவருக்கு.

இவற்றில் ஒன்றும் இல்லாதவர்களில் 100-க்குச் சுமார் 10 பேருக்கு வாந்தியோ குமட்டலோ வரும். நான்கும் உள்ளவர்களில் சுமார் 80 பேருக்கு வரும்.

குடும்பத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

முகச்சாயலைப் போலவே, உடம்பு மருந்தை ஏற்கும் விதமும் தாய், தகப்பன் இருவரின் மரபணுக்கள் வழியாக வருகிறது. சிலருடைய கல்லீரல், வாந்தியை நிறுத்தும் ஒண்டான்செட்ரான் மருந்தை மிக வேகமாகச் சிதைத்துவிடும். அவர்களுக்கு அந்த ஊசி போட்டும் சரியாகக் கேட்காது. அது நர்சம்மாவின் குறை அல்ல. வேறு மருந்துகள் இருக்கின்றன.

நீங்கள் செய்ய வேண்டியது:

• அம்மா, அக்கா, தங்கையிடம் மட்டுமல்ல, அப்பாவிடமும் கேளுங்கள். அவருக்குக் குடலிறக்க ஆபரேஷனின்போது வாந்தி வந்திருந்தால் அதுவும் முக்கியம்.
• ஆபரேஷனுக்கு முன்பே மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லுங்கள். முன்கூட்டியே மருந்து கொடுப்பார். முடிந்தால் மயக்க முறையையும் மாற்றுவார்.
• ஆபரேஷனுக்கு முன் குறைந்தது 6 மணி நேரம் சாப்பாடு கூடாது. “கொஞ்சம் கஞ்சிதானே” என்று மாமியார் கொடுத்தாலும் வேண்டாம். மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.
• வீடு திரும்பிய பின் வாந்தி நிற்காவிட்டாலும், வயிறு உப்பினாலும், காய்ச்சலோ கடும் வலியோ வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

கணவன்மாரே! ஆண்களுக்கான கருத்தடை சிகிச்சை மரத்துப்போகும் ஊசியிலேயே முடிந்துவிடும். முழு மயக்கம் தேவையில்லை. அதையும் இருவரும் பேசி யோசியுங்கள்.

எந்த மருந்து கேட்டது என்று எழுதி வாங்கி, ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். நாளை உங்கள் மகளுக்கு ஒரு ஆபரேஷன் என்றால், அந்தச் சீட்டு அவளுக்கு உதவும்.