சிப்பியின் பட்டினி

மன்னார் வளைகுடாவின் அடியில் பாறைத் திட்டுகள் பல உண்டு. கடற்கரை மக்கள் அவற்றைப் 'பார்' என்பார்கள். முத்துச்சிப்பிகள் வாழும் இடம் அது.

பாறையில் ஒட்டிய சிப்பி இரை தேடிப் போக முடியாது. கடல்நீரைச் செவுள் வழியே இழுத்து, அதில் மிதக்கும் நுண்ணிய பாசிகளை வடிகட்டித் தின்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றில் இந்தக் கடல் கொந்தளித்துச் சேறாகக் கலங்கும். அப்போது சிப்பி ஓடுகளை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

பட்டினி கிடந்தால் நம் ஈரலில் உள்ள கிளைக்கோஜன் ஏறக்குறைய ஒரு நாளில் தீர்ந்துவிடும். சிப்பியோ முதலில் அடுப்பையே தணித்துவிடுகிறது! ஆக்சிஜனைக் குறைவாக எடுத்துக்கொள்கிறது. சேமித்த கிளைக்கோஜனைச் சிக்கனமாகச் செலவிடுகிறது. அதுவும் குறைந்தபின் கொழுப்பிலும் புரதத்திலும் கை வைக்கிறது. புரதம் என்றால் அதன் சொந்தத் தசைதான்.

இது வெளியே தெரியுமா? தெரியாது. சதை வற்றினாலும் ஓடு சுருங்குவதில்லை. திறந்து பார்த்தாலோ சிப்பி செத்துவிடும். இதற்கு ஓர் அழகான வழி இருக்கிறது. கிளைக்கோஜனில் நைட்ரஜன் இல்லை. கொழுப்பிலும் அநேகமாக இல்லை. புரதத்திலோ எடையில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன். புரதம் எரிந்தால் அது அம்மோனியாவாக நீரில் கலக்கும். ஆகவே சிப்பியை வடிகட்டிய கடல்நீரில் சில மணி நேரம் வைத்து, எவ்வளவு ஆக்சிஜன் குறைந்தது, எவ்வளவு அம்மோனியா கூடியது என்று அளக்கிறார்கள். ஆக்சிஜன் செலவுக்கு ஒப்பிட்டால் அம்மோனியா மிகுதி என்றால், சிப்பி தன்னையே தின்னத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

முத்து வளர்ப்போருக்கு இது பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயம். நம் நாட்டில் வளர்ப்பு முத்தை 1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அழகர்சாமி உருவாக்கினார். சிப்பியின் உடலைக் கீறி ஒரு மணியை உள்ளே வைக்க வேண்டும். துடிப்பான சிப்பி அதை வெளியே தள்ளிவிடக்கூடும். ஆதலால் ஜப்பானியர் அறுவைக்கு முன்பே சிப்பிகளைக் கூடைகளில் நெருக்கி அடைத்து, நீரோட்டத்தையும் உணவையும் குறைத்து அடங்க வைப்பார்கள். வேண்டுமென்றே அரைப்பட்டினி! அளவு மீறினால் அறுவையைத் தாங்காமல் சிப்பி இறந்துபோகும்.

பிழைத்த சிப்பியை மறுபடியும் நல்ல உணவுள்ள கடலில் தொங்கவிடுகிறார்கள். முத்தின் மேற்பூச்சு வெறும் சுண்ணாம்பு அல்ல. அடுக்குகளுக்கு இடையே மெல்லிய புரதப் படலமும் வேண்டும். தன் புரதத்தையே எரித்துக்கொண்டிருக்கும் சிப்பி அதற்கு எங்கே போகும்?