தண்ணீர் மேட்டில் இருக்கட்டும்

பதுளை மாவட்டத்தின் உயரமான கட்டடங்கள் என்றதும் நகரத்துக் கடைத்தொகுதிகள்தான் நினைவுக்கு வரும். ஆனால் அவற்றுக்கு வெகுகாலம் முன்பே தோட்டத்து ஸ்டோர்கள் மாடி மாடியாக எழுந்துவிட்டன. 1890இல் தாமஸ் லிப்டன் கட்டிய தம்பேதென்ன ஸ்டோர் முதல், ஊவாவின் பழைய தேயிலைத் தொழிற்சாலைகள் பலவும் மாடிக் கட்டடங்களே. கொழுந்து வாடக் காற்று வேண்டும் என்பதால் மேல்தட்டுகள் நீளமாகவும் நிறைய ஜன்னல்களோடும், பல இடங்களில் பலகைத் தளத்தோடும் அமைந்தன. கீழ்த்தட்டில் விறகு எரியும் அடுப்பு, அதன் சூட்டில் ஓடும் டிரையர், சலிக்கும் அறையிலிருந்து பறந்து உத்தரங்களின் மேல் பஞ்சாகப் படியும் தேயிலைத் தூசு. எரிய வேண்டியதெல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கிறது. அணைக்க வேண்டிய தண்ணீர் எங்கே இருக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. கட்டடத்துக்கு மேலே, மலைச்சரிவில் இருக்க வேண்டும் என்பதே என் பதில். பம்ப் அதற்குத் துணையாக நிற்கலாம், அதன் இடத்தைப் பிடிக்கக்கூடாது.

காரணம் எளிமையானது. ஒவ்வொரு 10 மீட்டர் உயரமும் குழாய்த் தண்ணீருக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தருகிறது. துன்ஹிந்த நீர்வீழ்ச்சி சுமார் 64 மீட்டர். அந்தத் தண்ணீரை ஒரு குழாய்க்குள் அடைத்து இறக்கினால் அடியில் 6 பாருக்கு மேல் அழுத்தம் நிற்கும். தோட்டங்களுக்கு இது புதிய கணக்கும் இல்லை. மலையிலிருந்து குழாயில் இறங்கிய தண்ணீரே ஒரு காலத்தில் பல ஸ்டோர்களின் இயந்திரங்களைச் சுழற்றியது. இதற்கு நேர்மாறானது மொட்டைமாடித் தாங்கி. கூரையில் ஒரு தாங்கி இருந்தால் கட்டடத்துக்குக் காவல் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தத் தாங்கி கடைசி மாடியின் குழாய்க்கு 3 மீட்டர் மேலே இருந்தால் அங்கே கிடைப்பது 0.3 பார்தான். கை கழுவ அது போதும், தீயை அடிக்கப் போதாது. அதே கட்டடத்தின் அடித்தளத்திலிருந்து 40 மீட்டர் உயரத்தில் சரிவின் மேல் தாங்கி இருந்தால், 12 மீட்டர் உயரத்தில் இருக்கும் கடைசி மாடியின் குழாயிலும் 2.7 பார் வரை நிற்கும்.

நல்ல பம்ப் ஒன்று போட்டால் இந்தச் சிரமம் எதற்கு என்று கேட்கலாம். தீ பிடித்தவுடன் எவரும் செய்யும் முதல் காரியம் மெயின் சுவிட்சை அணைப்பது. அது சரியான காரியமும்கூட, ஏனென்றால் மின்சாரம் ஓடும் பலகையில் தண்ணீர் அடித்தால் அடிப்பவரே விழுவார். ஆனால் பம்புக்கு அந்த சுவிட்சிலிருந்தே வயர் இழுத்திருந்தால், தண்ணீர் வேண்டிய அதே நொடியில் பம்பும் நின்றுவிடும். பம்ப் வைக்கத்தான் வேண்டும் என்றால் அதற்குத் தனி இணைப்பும், பக்கத்தில் டீசல் பம்ப் ஒன்றும் வேண்டும். டீசலை நம்பியிருப்பதும் எப்படி என்பதை 2022 காட்டியது. ஒரே நாளில் 13 மணி நேர மின்வெட்டும் எரிபொருள் வரிசைகளும் ஒன்றாக வந்தன. பணக்கார நாடுகளிலும் இது நடக்கிறது. 1991 பெப்ரவரியில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், 38 மாடி மெரிடியன் பிளாசாவின் 22ஆம் மாடியில் தீ பிடித்தது. மின்சாரமும் போனது, அவசர ஜெனரேட்டரும் கைவிட்டது. மாடிக் குழாய்களின் அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வுகளைத் தவறான அளவில் வைத்திருந்ததால் ஹோஸில் வேண்டிய வேகம் வரவில்லை. மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். மேலேறிய தீ, தானியங்கித் தெளிப்பான்கள் இருந்த 30ஆம் மாடியில்தான் நின்றது. தண்ணீர் பற்றாமல் போனதல்ல அங்கே நடந்த தவறு; இருந்த தண்ணீர் தீயின் இடத்தில், தேவையான அழுத்தத்தில், தயாராக இல்லை.

தீயணைப்புப் படை எதற்கு இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. பதுளையிலிருந்து ஒரு வண்டி பசறையைக் கடந்து மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு வளைந்து வளைந்து ஏறிச் சேருவதற்குள் பலகைத் தளம் காத்திருக்காது. வண்டி வந்தாலும் அது கொண்டுவருவது ஒரு தாங்கித் தண்ணீர். நிமிடத்துக்கு 400 லீட்டர் அடிக்கும் ஒரே ஹோஸ், அரை மணி நேரத்தில் 12,000 லீட்டரைக் குடித்துவிடும். பவுசர் போய் நிரப்பி வரும்வரை தீ ஓய்வெடுப்பதில்லை. பண்டாரவளை, ஹப்புத்தளை போன்ற மலை நகரங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. வீதியிலிருந்து பார்த்தால் இரண்டு மாடி, பின்பக்கம் பள்ளத்திலிருந்து பார்த்தால் ஐந்து மாடி. வண்டி நிற்கும் பக்கம் ஒன்று, தீ ஏறும் பக்கம் வேறு. 1975இல் சென்னையின் உயரமான எல்.ஐ.சி. கட்டடம் எரிந்தபோது ஏணிகள் எட்டாமல் போனதை ஊரே பார்த்தது. வெளியிலிருந்து வரும் உதவிக்கு எல்லை உண்டு என்பதால்தான், கட்டடத்தின் உள்ளே கீழிருந்து மேல்வரை ஒரு குழாய் நிற்க வேண்டும், மாடிக்கு மாடி அதில் வால்வு இருக்க வேண்டும் என்கிறேன்.

எதிர்ப்புகளில் கனமானது வறட்சி பற்றியது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஊவாவுக்குத் தென்மேற்கு மழை கிடைக்காது; மலையைத் தாண்டி வரும் காய்ந்த காற்று பத்தனைப் புல்லையும் சருகாக்கும். தேயிலை வாசம் ஏறுவதும் அந்தப் பருவத்தில்தான், பீலியில் தண்ணீர் நூலாக இறங்குவதும் அப்போதுதான். குடிக்கவே இல்லாதபோது தீக்கு எப்படி ஒதுக்குவது? இதற்குக் காவல்காரர் தேவையில்லை, குழாயின் உயரமே போதும். தாங்கியிலிருந்து குடிக்கவும் குளிக்கவும் போகும் குழாயை நடுமட்டத்தில் பொருத்துங்கள், தீக்கான குழாயை அடியில் பொருத்துங்கள். மேல்பாதி எத்தனை முறை வற்றினாலும் கீழ்ப்பாதி அப்படியே நிற்கும். வண்டல் குழாய்க்குள் புகாதபடி அடிக்குழாயின் வாய் தரையிலிருந்து ஒரு சாண் மேலே இருந்தால் நல்லது.

அடுத்து மண்சரிவு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் நடந்ததைக் கண்ட மாவட்டம் இது. 12,000 லீட்டர் என்றால் 12 தொன் எடை. கசியும் தாங்கி சரிவின் மண்ணை ஊறவைக்கும். எனவே மேட்டில் கண்ட இடத்தில் தாங்கி கட்டக்கூடாது. இடத்தைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகத்திடம் காட்டிக் கேட்க வேண்டும். நிரம்பி வழியும் தண்ணீரைச் சரிவில் விடாமல் கான் கட்டி ஓடைக்குக் கொண்டுபோக வேண்டும். பாதுகாப்பான மேடு இல்லையென்றால் மட்டுமே பம்புக்கு முதலிடம்.

செலவு அதிகம் என்பவர்கள் பெரும்பாலும் தாங்கியில் செலவழித்துவிட்டுக் குழாயில் மிச்சம் பிடிக்கிறார்கள். அங்கேதான் எல்லாம் கெடுகிறது. நிமிடத்துக்கு 400 லீட்டரை 150 மீட்டர் தூரம் 4 அங்குலக் குழாயில் கொண்டுவந்தால் உராய்வில் போவது 2 மீட்டர் அளவு உயரம்தான். அதையே 2 அங்குலக் குழாயில் முயன்றால் 40 மீட்டர் உயரம் முழுவதும் வழியிலேயே கரைந்துவிடும். கட்டடத்துக்கு வெளியே மண்ணுக்குள் பிளாஸ்டிக் குழாய் போகலாம். உள்ளே இரும்புக் குழாய்தான், பிளாஸ்டிக் சூட்டில் உருகிவிடும். தாங்கி 100 மீட்டர் உயரத்தில் இருந்தால் அழுத்தம் 10 பார் ஆகி, ஹோஸ் ஆளையே தூக்கி அடிக்கும். அப்போது நடுவழியில் ஒரு சிறு தாங்கி வைத்து அழுத்தத்தை உடைக்க வேண்டும்.

ஸ்டோருக்குச் சொன்னது லயத்துக்கும் பொருந்தும். லயம் என்பது படுத்துக் கிடக்கும் மாடிக் கட்டடம். அங்கே தீ மேலே ஏறுவதற்குப் பதிலாக, தொடர்ந்து ஓடும் கூரையின் அடியால் காம்பராவுக்குக் காம்பரா தாவுகிறது. பீலிக்குத் தண்ணீர் தரும் அதே மேட்டுத் தாங்கியிலிருந்து லயத்தின் இரு முனைக்கும் ஒரு தடித்த குழாய், ஒரு வால்வு, ஒரு ஹோஸ் கொடுத்தால் முதல் பத்து நிமிடத்தைச் சமாளிக்கலாம். வால்வுப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, திறப்பைக் கந்தோரில் வைக்காதீர்கள். லயத்தில் இருப்பவர்களே திறக்கப் பழகியிருக்க வேண்டும்.

தோட்ட நிர்வாகங்களுக்கும் கட்டட உரிமையாளர்களுக்கும் தோட்டத் தலைவர்மாருக்கும் ஒரு வேண்டுகோள். காய்ந்த காற்று தொடங்குமுன், ஜூன் மாதத்திலேயே, மின்சாரத்தை அணைத்துவிட்டுக் கடைசி மாடியின் வால்வைத் திறந்து பாருங்கள். ஹோஸிலிருந்து தண்ணீர் எதிர்ச்சுவரை எட்டவில்லை என்றால் அந்தக் கட்டடத்தில் தீயணைப்பு ஏற்பாடு இல்லை என்றே கணக்கில் எழுதுங்கள், அந்த மாதமே திருத்துங்கள்.